பால் சட்டியில் சாகும் கிருமி அறைக் காற்றில் சாகுமா?

(தில்லி கோல் மார்க்கெட் பகுதித் தமிழர்களின் வாசிப்பு வட்டத்தில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது)

 

என்னை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் உங்களோடு உட்கார்ந்து அ, ஆ எழுதியவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் டாக்டர் இல்லை. நர்சும் இல்லை. படித்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இன்று நான் ஒரு பாதிப் பாடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தப் பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். மீதிப் பாதியை இன்று சொல்லி முடிக்கவேண்டும்.

பூட்டிய அறை

கோல் மார்க்கெட் நாம் தினமும் பார்க்கிற இடம். இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். அந்த வட்டச் சந்தையை 1921-ஆம் ஆண்டு கட்டினார்கள். அதைச் சுற்றிச் சாலைகள். சாலைகளின் ஓரம் அரசாங்க வீடுகள். வீடுகளின் பின்பக்கம் ஒற்றை அறைகள். நம்மில் பலருக்கு அப்படி ஓர் அறைதான் வீடு. ஒரு கதவு. ஒரு சின்ன ஜன்னல். சமையல், படுக்கை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதற்குள்தான்.

ஒரு ஜனவரி மாதம். தில்லிக் குளிர் உங்களுக்குத் தெரியும். இரவில் நான்கு டிகிரி, ஐந்து டிகிரிக்கு இறங்கும். நம் வகுப்புக்கு வரும் ஒரு அண்ணன் வீட்டில் பாட்டிக்கு இருமல். மூன்று வாரமாக நிற்கவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பாட்டியின் இருமல் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அண்ணனுக்குப் பயம்.

அவர் என்ன செய்தார்? ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தார். கதவைச் சாத்தினார். அறைக்குள் கரி அடுப்பை மூட்டினார். தில்லியில் அதை அங்கீட்டி என்கிறோம். குளிரும் போகும், காற்றில் இருக்கிற கிருமியும் சூட்டில் செத்துப்போகும் என்று நினைத்தார். எல்லாரும் படுத்தார்கள்.

காலையில் பால் வாங்க யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஓங்கித் தட்டியதும் அண்ணன் தள்ளாடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. சின்னப் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. வெளியே தூக்கி வந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்லவேளை, எல்லாரும் பிழைத்தார்கள்.

மறுநாள் நான் பார்க்கப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, பாலைக் காய்ச்சினா கிருமி செத்துப்போகும்னு நீதானே பாடம் எடுத்தே? சூட்டுல சாகாத கிருமி இல்லைன்னு சொன்னியே?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆமாம், நான்தான் சொன்னேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், மீதியையும் தெரிந்துகொண்டு வந்து சொல்லவேண்டும் என்று.

காற்றில் என்ன இருக்கிறது?

காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது பாருங்கள். அந்த வெளிச்சத்தில் தூசி மிதப்பது தெரியும். அந்தத் தூசியோடு கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் மிதக்கின்றன. அவற்றில் ஒரு வகை பாக்டீரியா. ஓர் உயிர், ஒரே ஒரு செல். அவ்வளவுதான் அதன் உடம்பு.

எல்லாப் பாக்டீரியாவும் கெட்டது இல்லை. பாலைத் தயிர் ஆக்குவது பாக்டீரியாதான். தோசை மாவைப் பொங்க வைப்பதும் அதுதான். சில பாக்டீரியா சோற்றைக் கெடுக்கும். சில பாக்டீரியா நோயைத் தரும். காசநோய், அதாவது டி.பி., காற்று வழியாகப் பரவும் பாக்டீரியாவால் வருகிற நோய். ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம்.

தயிர் சொல்லும் பாடம்

அக்காமார்களே, ஒரு கேள்வி. பால் கொதிக்கும்போது உறை ஊற்றுவீர்களா?

மாட்டீர்கள். பால் ஆறவேண்டும். விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கவேண்டும். அப்போதுதான் உறை ஊற்றுவீர்கள். கொதிக்கிற பாலில் ஊற்றினால் தயிர் தோயாது. ஏன்? உறை மோரில் இருக்கிற பாக்டீரியா அந்தச் சூட்டில் செத்துப்போகும். சூடு கிருமியைக் கொல்லும் என்பது நம் பாட்டிமாருக்குக் கையில் தெரிந்த பாடம்.

இன்னொரு கேள்வி. ஜனவரியில் தயிர் ஏன் சீக்கிரம் தோய்வதில்லை? பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோமே, எதற்கு? குளிரில் பாக்டீரியா சாகவில்லை. சோம்பிக் கிடக்கிறது. கதகதப்பு வந்தால் எழுந்து வேலை செய்யும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மே மாதம் தில்லியில் 45 டிகிரி வெயில். லூ காற்று முகத்தைச் சுடும். அந்த வெயிலில் உறை மோர்க் கிருமி செத்துப்போகிறதா? இல்லையே! மூன்று, நான்கு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் புளித்துவிடுகிறது. தோசை மாவு பாத்திரத்தை விட்டு வழிகிறது. காலையில் வடித்த சோறு இரவுக்குள் கெட்டுப்போகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கதகதப்பு கிருமிக்குப் பிடிக்கும். கொதிப்புதான் கிருமியைக் கொல்லும். கதகதப்பு வேறு, கொதிப்பு வேறு. அண்ணன் அந்த இரவு அறையைக் கொதிக்க வைக்கவில்லை. கதகதப்பாக்கினார்.

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில்தான் நன்றாக வளரும். அதனால்தான் அவை நம் உடம்பில் குடியேறுகின்றன.

கொதிப்பு எப்படிக் கொல்கிறது?

ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள். வெள்ளைக்கரு தண்ணீர்போல இருக்கும். அடுப்பில் வைத்தால் வெள்ளையாகக் கெட்டிப்படும். ஆறிய பிறகு அது மறுபடியும் தண்ணீர்போல ஆகுமா? ஆகாது.

வெள்ளைக்கருவில் இருப்பது புரதம். பாக்டீரியாவின் உடம்பும் பெரும்பாலும் தண்ணீரும் புரதமும்தான். அந்தப் புரதங்கள்தான் அதற்குச் சாப்பாட்டைச் செரிக்கின்றன, அதை வளர்க்கின்றன, ஒன்றை இரண்டாக்குகின்றன. சூடு ஏறினால் முட்டை வெந்ததுபோல அந்தப் புரதம் வெந்து உருமாறிப் போகும். அப்புறம் பாக்டீரியாவால் ஒரு வேலையும் செய்ய முடியாது. செத்துப்போகும்.

இதில் இரண்டு விஷயம் உண்டு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். சூடு குறைவு என்றால் நேரம் அதிகம் வேண்டும். சூடு அதிகம் என்றால் நேரம் குறைவாகப் போதும்.

தில்லிப் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லி பால் திட்டம் 1959-இல் தொடங்கியது. மதர் டெய்ரி 1974-இல் வந்தது. அங்கே பாலைப் பண்ணையிலேயே சூடாக்கிக் குளிர வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இந்த முறைக்குப் பாஸ்டர் முறை என்று பெயர். 63 டிகிரியில் என்றால் 30 நிமிடம் வைக்கவேண்டும். 72 டிகிரியில் என்றால் 15 விநாடி போதும். இந்தச் சூட்டில் காசநோய்க் கிருமியும் செத்துப்போகும். மாட்டுக்கு வரும் காசநோய் பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரலாம். ஆகவே கறந்த பாலை அப்படியே குடிக்காதீர்கள். பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

இட்லிப் பானையும் தந்தூர் அடுப்பும்

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. சூட்டில் ஈரச் சூடு, உலர்ந்த சூடு என்று இரண்டு வகை.

கோல் மார்க்கெட் பக்கம் ரொட்டிக் கடையில் நின்று பாருங்கள். தந்தூர் அடுப்புக்குள் காற்று 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். கடைக்காரர் கையை உள்ளே விட்டு ரொட்டியை ஒட்டிவிட்டுச் சட்டென்று எடுத்துவிடுகிறார். கை வேகவில்லை. இட்லிப் பானையில் ஆவி 100 டிகிரிதான். மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால்? உடனே கொப்புளம்!

ஏன் இப்படி? ஆவி நம் தோலில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது. மாறும்போது தன்னிடம் இருக்கிற சூட்டை எல்லாம் தோலில் கொட்டிவிடுகிறது. உலர்ந்த காற்றால் அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொடுக்க முடியாது. ஈரம் இருந்தால் புரதமும் சீக்கிரம் வெந்துபோகும்.

கிருமிக்கும் இதே கணக்குதான். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல், துணி இவற்றைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய பாத்திரம் வைத்திருப்பார்கள். அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். அதை நம் குக்கரின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். ஆவியை வெளியே விடாமல் அழுத்தினால் சூடு 121 டிகிரிக்கு ஏறும். அந்த ஈரச் சூட்டில் 15 நிமிடம் போதும். ஈரம் இல்லாத உலர்ந்த சூடு என்றால், 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். வித்தியாசத்தைப் பார்த்தீர்களா?

ஏன் 100 டிகிரி போதாமல் 121 டிகிரிக்குப் போகிறார்கள்? சில பாக்டீரியாக்கள் கஷ்ட காலத்தில் விதைபோல மாறிக்கொள்ளும். மேலே கெட்டி ஓடு. அந்த விதை கொதிநீரிலும் தப்பிக்கும். பிறகு சூடு குறைந்ததும் முளைக்கும். வடித்த சோற்றை வெளியே நெடுநேரம் வைத்தால் கெடுகிறதே, அதற்கு இப்படிப்பட்ட விதைகளும் காரணம். ரணஜன்னி தருகிற கிருமியும் விதையாக மாறும். அதனால்தான் தொப்புள்கொடி அறுக்க வீட்டுக் கத்தியைக் கொதிக்க வைத்தால் போதாது. ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்கவேண்டும். கர்ப்பிணிகள் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவேண்டும்.

"சூட்டில் சாகாத கிருமி இல்லை" என்று அன்று நான் சொன்னேன். எந்தச் சூடு, எவ்வளவு நேரம், ஈரமா, உலர்ந்ததா என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும்.

காற்றைச் சுட்டுப் பார்த்தவர்கள்

காற்றையே சூடாக்கினால் அதில் இருக்கும் கிருமி சாகாதா? அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். இதே கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள்.

1837-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் ஷ்வான் என்பவர் ஒரு சோதனை செய்தார். கறிச் சாற்றைக் கொதிக்க வைத்தார். அதற்குள் புதுக் காற்றை விட்டார். ஆனால் அந்தக் காற்றை முதலில் பழுக்கக் காய்ச்சிய குழாய் வழியாகப் போகவிட்டார். சாறு கெடவில்லை. சூடாக்காத காற்றை விட்டபோது கெட்டுப்போனது. அப்படியானால் சாற்றைக் கெடுப்பது எது? காற்றோடு வருகிற ஏதோ ஒன்று. அது பழுத்த குழாயில் செத்துப்போகிறது.

பிறகு பிரான்சில் லூயி பாஸ்டர் இதை மேலும் தெளிவாகக் காட்டினார். அவர் ஒரு கண்ணாடிக் குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்துபோல வளைத்தார். உள்ளே சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம். ஆனால் தூசியும் கிருமியும் வளைவிலேயே தங்கிவிடும். சாறு கெடாமல் இருந்தது. கழுத்தை உடைத்ததும் கெட்டது. இது 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. நாம் பாத்திரத்தை மூடி வைக்கிறோமே, அதுவும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆக, காற்றில் உள்ள கிருமியைச் சூட்டால் கொல்ல முடியும். ஆனால் எப்படி? பழுக்கக் காய்ச்சிய குழாய்க்குள் காற்றை விட்டுத்தான். அந்தக் குழாய்க்குள் நாம் குடியிருக்க முடியுமா?

நம் அறைக் காற்று உலர்ந்தது. உலர்ந்த சூட்டில் கிருமி சாக 160 டிகிரி, இரண்டு மணி நேரம் என்று பார்த்தோம். அங்கீட்டி மூட்டிய அறை எவ்வளவு சூடாகும்? 25 டிகிரியோ 30 டிகிரியோ ஆகலாம். அதில் கிருமி சாகாது. கிருமி சாகிற அளவுக்கு அறை சூடானால், அதற்கு முன்பே நாம் செத்துப்போவோம்.

ஆவி பிடித்தால் நுரையீரல் கிருமி சாகும் என்றும் சிலர் நம்புகிறார்கள். 2020, 2021-இல் கொரோனா வந்தபோது பலர் அப்படிச் செய்தார்கள். ஆவி மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். மூச்சு நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். வெந்நீர் கொட்டிப் பிள்ளைகள் வெந்துபோகிற ஆபத்தும் உண்டு.

அங்கீட்டி செய்த வேலை

அப்படியானால் அந்த இரவு அறையில் என்ன நடந்தது?

கரி எரியக் காற்று வேண்டும். பூட்டிய அறையில் காற்று போதாது. போதாத காற்றில் எரிகிற கரி ஒரு விஷ வாயுவை விடும். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. புகை அடங்கித் தணலாக இருக்கும்போதும் வரும்.

நம் ரத்தம் மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்து போகிறது. இந்த விஷ வாயு வந்தால், ரத்தம் நல்ல காற்றை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல காற்றைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி. பிறகு மயக்கம், வாந்தி. தூக்கத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தில்லியில் குளிர்காலம் வந்தால் இப்படிச் செத்தவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வருகிறது. நீங்களே இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள்.

கிருமியைக் கொல்ல மூட்டிய தணல் கிருமியைத் தொடவில்லை. பிள்ளைகளைத்தான் தொட்டது.

ஆகவே பூட்டிய அறையில் அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். வாசலில் குளிர் காய்ந்துவிட்டுத் தணலை வெளியிலேயே விட்டுவிடுங்கள். காலையில் யாருக்காவது தலைவலி, மயக்கம் என்றால் முதலில் கதவைத் திறந்து வெளியே கொண்டுவாருங்கள். 112 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மூன்றே எழுத்து எண். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

காற்றுக்கு எது மருந்து?

காற்றைக் காய்ச்ச முடியாது. சரி, வேறு என்ன செய்யலாம்? நான்கு வழி இருக்கிறது.

முதல் வழி ஜன்னல். காசநோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, பேசும்போது மிகச் சிறிய துளிகள் வரும். அவை காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். பூட்டிய அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். கிருமி உள்ள அதே காற்றைத்தான் பிள்ளைகள் இரவெல்லாம் மூச்சில் இழுக்கிறார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்தால் அந்தக் காற்று வெளியே போகும். வெளிக்காற்றில் கலந்து சிதறிவிடும். ஒரு படி உப்பைக் குடத்தில் போட்டால் கரிக்கும். யமுனையில் போட்டால் கரிக்குமா? அப்படித்தான். இரவில் குளிர் என்றால் ரஜாயை நன்றாகப் போர்த்திக்கொண்டு ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள்.

இரண்டாவது வழி வாயை மூடுவது. இருமும்போது துணியால் மூடவேண்டும். முகக்கவசம் இன்னும் நல்லது. கண்ட இடத்தில் துப்பக்கூடாது.

மூன்றாவது வழி வெயில். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெயிலின் சூடு கிருமியைக் கொல்வதில்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதுதான் கொல்கிறது. 1950-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக ஒரு கூட்டத்து கினிப் பன்றிகளுக்கு விட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு நோய் வந்தது. இன்னொரு கூட்டத்துக்கு, புற ஊதா விளக்கு வைத்த குழாய் வழியாக அதே காற்றை விட்டார்கள். அவற்றுக்கு நோய் வரவில்லை. ரஜாயை வெயிலில் போடுகிற தில்லிப் பழக்கம் நல்ல பழக்கம். கண்ணாடி ஜன்னலை மூடி வைத்தால் அந்தக் கதிர் சரியாக உள்ளே வராது. திறந்து வைத்தால்தான் வரும்.

நான்காவது வழிதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. கிருமி காற்றுக்கு வருமுன்பே அதை நெஞ்சுக்குள் கொல்வது. நெஞ்சைக் கொதிக்க வைக்க முடியாது. மாத்திரையால் முடியும்.

சேத்துப்பட்டு உலகுக்குச் சொன்னது

இதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. முன்பெல்லாம் காசநோய் என்றால் வீட்டை விட்டுத் தொலைவில் உள்ள சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். மாதக்கணக்கில் அங்கேயே இருக்கவேண்டும். ஏழைகளுக்கு எங்கே இடம் கிடைக்கும்?

1956-ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டது. இன்னொரு கூட்டம் வீட்டிலிருந்தே சாப்பிட்டது. அவர்கள் ஏழைகள். நெருக்கமான சின்ன வீடுகள். போதிய சாப்பாடு இல்லை. நம்மைப் போன்றவர்கள்.

1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமாகியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக வரவில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் போதும், நோயாளியை வீட்டை விட்டு விரட்டவேண்டியதில்லை என்று உலகமே ஏற்றுக்கொண்டது. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

சரியான மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நோய் ஒட்டும் தன்மை வெகுவாகக் குறையும். ஆனால் உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிடவேண்டும். நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பர் முதல் அது மாதம் 1000 ரூபாய். கேட்டு வாங்குங்கள்.

பாட்டியின் தட்டு

அந்தப் பாட்டிக்குச் சளிப் பரிசோதனை செய்தார்கள். காசநோய்தான். வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள்.

ஒரு நாள் போனபோது பாட்டியின் தட்டும் டம்ளரும் தனியாக மூலையில் இருந்தன. பாட்டி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, டி.பி. தட்டு வழியாகப் பரவாது. காற்று வழியாகத்தான் பரவும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்களே! ஜன்னலைத் திறந்துவிட்டுத் தட்டை இங்கே கொண்டுவாருங்கள்" என்றேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஜன்னல் இடுக்கில் இருந்த செய்தித்தாளைப் பிடுங்கிப் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் மாத்திரை அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். காலண்டரில் ஒவ்வொரு நாளும் கோடு போட்டார். அவர் எழுதப் படிக்கக் கற்று அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் முடிந்தது. பாட்டிக்குக் குணமாயிற்று. இன்று பேரப் பிள்ளைகளோடு அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பாட்டி, அன்று நான் பாதிப் பாடம் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மீதியை இன்று சொல்லிவிட்டேன்.



நினைவில் வையுங்கள்

37 டிகிரி: நம் உடம்பின் சூடு. நோய்க் கிருமி நன்றாக வளரும்.
45 டிகிரி: தில்லிக் கோடை வெயில். மோர்க் கிருமிகூடச் சாகாது.
72 டிகிரி, 15 விநாடி: பால் பண்ணையில் பாலுக்குக் கொடுக்கும் சூடு.
100 டிகிரி: தண்ணீர் கொதிக்கும். பெரும்பாலான கிருமிகள் சாகும். விதையாக மாறிய கிருமி தப்பிக்கும்.
121 டிகிரி, 15 நிமிடம்: ஆஸ்பத்திரியில் கருவிகளுக்குக் கொடுக்கும் ஈரச் சூடு. விதையும் சாகும்.

பாலையும் தண்ணீரையும் காய்ச்சுவோம். காற்றைத் திறந்துவிடுவோம்.

பேசிப் பாருங்கள்

1. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் ஏன் தோய்வதில்லை?
2. தந்தூர் சூட்டைவிட இட்லிப் பானை ஆவி ஏன் சீக்கிரம் சுடுகிறது?
3. பூட்டிய அறையில் அங்கீட்டி வைத்தால் என்ன ஆகும்?
4. உங்கள் வீட்டு ஜன்னலை ஒரு நாளில் எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறீர்கள்?
5. உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?